பம்பாயின் பாட்டு யாருடைய பாட்டு?

(பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடியிருந்த கலை விழாக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் ஓர் இளந்தோழர் என்னிடம் வந்தார். “இன்று சினிமாப் பாட்டைப் பற்றிப் பேசப் போகிறீர்களாமே? நம்முடைய மேடையில் சினிமாப் பாட்டுக்கு என்ன வேலை?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். சினிமா முதலாளிகளின் கையில் இருக்கிறது. லாபத்துக்காக எடுக்கப்படுகிறது. அதில் நூற்றுக்குத் தொண்ணூறு குப்பை. இதையெல்லாம் நான் மறுக்கவில்லை.

ஆனால் நான் அவரை ஒன்று திருப்பிக் கேட்டேன்: “தோழரே, நேற்று இரவு ஷிப்டு முடிந்து சைக்கிளில் வீட்டுக்குப் போனீர்களே, வழியில் எதை முணுமுணுத்துக்கொண்டு போனீர்கள்?” அவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பிலேயே பதில் இருக்கிறது. மக்கள் எதை முணுமுணுக்கிறார்களோ அதை நாம் அலட்சியம் செய்ய முடியாது. அது ஏன் அவர்கள் வாயில் வந்து உட்கார்ந்தது என்று ஆராய வேண்டும். அதில் நமக்குப் பாடம் இருக்கிறது.

இதற்கு ஒரே ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். பம்பாய் நகரத்துக்கு ஒரு பாட்டு உண்டு. எந்த சர்க்காரும் உத்தரவு போட்டு அதை நகரத்தின் கீதம் ஆக்கவில்லை. மாநகராட்சி தீர்மானம் போடவில்லை. அதற்காக யாரும் எழுந்து நிற்பதில்லை. ஆனாலும் பம்பாய் என்று சொன்னவுடன் இந்த தேசத்தில் கோடிக்கணக்கான மக்களுக்கு நினைவு வருவது அந்தப் பாட்டுத்தான். “பம்பாய் மேரி ஜான்” என்பது ஜனங்கள் அதற்கு வைத்துவிட்ட பெயர். பம்பாய், என் உயிரே என்று பொருள்.

மகாராஷ்டிர சர்க்கார் 2023ஆம் ஆண்டில் ஒரு பாட்டை மாநில கீதமாக அறிவித்தது. அதற்கு அமைச்சரவை முடிவு வேண்டியிருந்தது, அரசாணை வேண்டியிருந்தது. அந்தப் பாட்டும் மக்களுக்குப் பிடித்த நல்ல பாட்டுத்தான். ஆனால் நாம் பேசுகிற பாட்டுக்கு இந்த ஆணை எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஏன்? அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

ஜேப்படிக்காரன் வாயில் ஒரு பாட்டு

1956ஆம் ஆண்டில் ‘சி.ஐ.டி.’ என்ற இந்திப் படம் வெளிவந்தது. குரு தத் தயாரித்தார், ராஜ் கோஸ்லா இயக்கினார். கதாநாயகன் தேவ் ஆனந்த், போலீஸ் இன்ஸ்பெக்டர் வேஷம். கொலை, துப்பறிதல், காதல் என்று வழக்கமான சரக்கு. அந்தப் படத்தில்தான் இந்தப் பாட்டு வருகிறது.

ஆனால் கவனியுங்கள். பாட்டு கதாநாயகனுக்குக் கொடுக்கப்படவில்லை. போலீஸ் இன்ஸ்பெக்டர் அதைப் பாடவில்லை. பாடுகிறவன் ஒரு ஜேப்படிக்காரன்! ஜானி வாக்கர் என்ற ஹாஸ்ய நடிகர் அந்த வேஷத்தில் வருகிறார். அவருக்காகக் குரல் கொடுத்தவர் முகம்மது ரபி. உடன் வருகிற பெண்ணுக்காகப் பாடியவர் கீதா தத். இசை ஓ.பி. நய்யார்.

பாட்டு என்ன சொல்கிறது? நகரத்தைப் புகழ்ந்து தொடங்குகிறதா? இல்லை. இங்கே பிழைப்பது கஷ்டமப்பா என்று தன் நெஞ்சோடு பேசிக்கொண்டு தொடங்குகிறது. கட்டடம், டிராம், மோட்டார், மில் என்று நகரத்தின் சாமான்களையெல்லாம் எண்ணிக் காட்டுகிறது. இத்தனையும் இருக்கிற ஊரில் மனிதனுக்கு மனிதன் இரக்கம் மட்டும் கிடைக்கவில்லை என்று சொல்கிறது. சூதாட்டம், குதிரைப் பந்தயம், திருட்டு, பட்டினி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அடுக்குகிறது. வீடு இல்லாதவனுக்கு இந்த ஊர் என்ன பெயர் வைக்கிறது, அடுத்தவன் வாழ்க்கையை அறுக்கிறவனுடைய காரியத்துக்கு என்ன கௌரவமான பெயர் வைக்கிறது என்று கிண்டல் செய்கிறது. இத்தனையும் சொல்லிவிட்டு, கடைசியில் அந்த ஊரையே என் உயிரே என்று கொஞ்சுகிறது!

இதில்தான் விஷயம் இருக்கிறது, தோழர்களே. இதற்கு மறுபடியும் வருகிறேன். அதற்கு முன், இந்தப் பாட்டை உண்டாக்கியவர்கள் யார் என்று பார்க்க வேண்டும்.

மில் மூடியதால் வந்தவன், சிறைக்குப் போய்வந்தவன்

ஜானி வாக்கர் என்பது ஒரு சாராயத்தின் பெயர். அவருடைய சொந்தப் பெயர் பத்ருத்தீன் ஜமாலுத்தீன் காஜி. இந்தூரில் பிறந்தவர். தகப்பனார் நெசவாலைத் தொழிலாளி. வேலை போனதும் குடும்பம் பிழைப்புத் தேடிப் பம்பாய்க்கு வந்தது. அங்கே அவர் பல வேலைகள் பார்த்தார், பஸ் கண்டக்டர் ஆனார். பிரயாணிகளைச் சிரிக்க வைத்துக்கொண்டே டிக்கட் கிழிப்பாராம். ஒருநாள் அந்தச் சாமர்த்தியத்தைக் கண்டுகொண்டு, குரு தத்திடம் அவரை அனுப்பி வைத்தவர் பல்ராஜ் சாஹ்னி. அவர் யார்? மக்கள் நாடக மன்றத்தின் பெரிய நடிகர். கம்யூனிஸ்ட்.

ஆகவே, திரையில் “இங்கே பிழைப்பது கஷ்டம்” என்று பாடி வந்த மனிதன் அதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டவன் அல்ல. தகப்பனார் வேலை இழந்த வீட்டுப் பிள்ளை அவன்.

இனி, பாட்டை எழுதியவர். மஜ்ரூஹ் சுல்தான்புரி என்பது அவர் வைத்துக்கொண்ட பெயர். மஜ்ரூஹ் என்றால் காயம்பட்டவன். சொந்தப் பெயர் அஸ்ரார் உல் ஹசன் கான். 1919இல் பிறந்தவர். உத்தரப் பிரதேசத்து சுல்தான்பூர்க்காரர். யூனானி வைத்தியம் படித்து ஹக்கீம் ஆனவர். நாடி பிடித்த கை கவிதை எழுதப் போயிற்று. 1945இல் ஒரு கவியரங்குக்காகப் பம்பாய் வந்தவரை சினிமாக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தில் அவர் சேர்ந்தார், செங்கொடியின் பக்கம் நின்றார்.

நாடு விடுதலை அடைந்த பிறகு என்ன நடந்தது? தெலுங்கானாவில் விவசாயிகளின் மீது துப்பாக்கி. நகரங்களில் தொழிலாளர் தலைவர்களுக்குச் சிறை. அந்த நாளில் பிரதமர் நேருவையே சாடி மஜ்ரூஹ் ஒரு கவிதை பாடினார். சர்க்காருக்குக் கோபம் வந்தது. 1949இல் அவரைக் கைது செய்தார்கள். பல்ராஜ் சாஹ்னியும் அதே காலத்தில் சிறைக்குப் போனவர்தான். “மன்னிப்புக் கேள், விட்டுவிடுகிறோம்” என்று மஜ்ரூஹிடம் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. இரண்டு வருஷம் தண்டனை கொடுத்தார்கள். பெண்டாட்டி பிள்ளை வெளியே கஷ்டப்பட, கவிஞர் உள்ளே இருந்தார்.

அந்த மனிதர் வெளியே வந்து, சில ஆண்டுகளுக்குள் எழுதியதுதான் இந்தப் பாட்டு. நேராகச் சொன்னால் சிறை. அதனால் சிரித்துக்கொண்டே சொன்னார். கவிஞனின் வாயிலிருந்து வந்தால் குற்றம், ஜேப்படிக்காரன் வாயிலிருந்து வந்தால் வேடிக்கை. சென்ஸார் அதிகாரியும் சிரித்தார், கொட்டகையில் தரை டிக்கட் வாங்கியவனும் சிரித்தான். ஆனால் இருவரும் சிரித்தது ஒரே காரணத்துக்காகவா? இல்லை. தரை டிக்கட்காரன் தன் கதையைக் கேட்டுச் சிரித்தான்.

இதே மஜ்ரூஹுக்கு 1993ஆம் ஆண்டுக்கான தாதா சாகேப் பால்கே விருதை சர்க்கார் கொடுத்தது. பாடலாசிரியர் ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது அதுதான் முதல் தடவை. சிறையில் போட்ட கையே விருதும் கொடுத்தது! 2000ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

கதவை அடைத்தார்கள், ஜன்னல் வழியாக வந்தது

சரி, ஒரு படத்தில் ஆறேழு பாட்டு வரும். வருஷத்துக்கு நூற்றுக்கு மேல் படம் வரும். எல்லாப் பாட்டும் நகரத்தின் கீதமாவதில்லை. இது மட்டும் எப்படிப் பரவிற்று?

அந்த நாளில் நமது ரேடியோ யாருடைய கையில் இருந்தது என்று பாருங்கள். 1952இல் கேஸ்கர் என்பவர் ஒலிபரப்பு மந்திரி ஆனார். சினிமாப் பாட்டு மட்டமானது, ஜனங்களின் ரசனையைக் கெடுக்கிறது என்பது அவருடைய கருத்து. அகில இந்திய ரேடியோவில் சினிமாப் பாட்டைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் இல்லாமலே செய்தார்கள். சாஸ்திரீய சங்கீதம் கேளுங்கள் என்றார்கள். சாஸ்திரீய சங்கீதம் உயர்ந்த பொக்கிஷம்தான், எனக்கும் அதில் மரியாதை உண்டு. ஆனால் பத்து மணி நேரம் தறியடியில் நின்று வந்தவனிடம், நீ இதைத்தான் கேட்க வேண்டும் என்று உத்தரவு போட இவர்கள் யார்?

ஜனங்கள் என்ன செய்தார்கள்? ரேடியோ முள்ளை இலங்கைப் பக்கம் திருப்பினார்கள். கொழும்பிலிருந்து ரேடியோ சிலோன் இந்திப் பாட்டு ஒலிபரப்பிற்று. 1952இன் இறுதியில் ‘பினாகா கீத்மாலா’ என்ற நிகழ்ச்சி அங்கே ஆரம்பமாயிற்று. அமீன் சயானி என்பவர் வாராவாரம் பேசுவார், எந்தப் பாட்டு முன்னால் நிற்கிறது என்று சொல்வார். பற்பசைக் கம்பெனி விளம்பரத்துக்காக நடத்தியதுதான். இருந்தாலும், வீட்டில் ரேடியோ இல்லாதவன்கூட டீக்கடை வாசலில் நின்று அதைக் கேட்டான். 1956ஆம் ஆண்டு முழுவதற்குமான கீத்மாலா வரிசையில் முதல் இடத்தைப் பிடித்தது எது தெரியுமா? இந்த ஜேப்படிக்காரன் பாட்டுத்தான்! டில்லி கதவை அடைத்தது, பாட்டு கொழும்பு ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வந்தது. 1957 அக்டோபரில் டில்லியே இறங்கி வந்து, ‘விவித பாரதி’ என்று தனி ஒலிபரப்பு ஆரம்பித்து, சினிமாப் பாட்டுக்கு இடம் கொடுக்க நேர்ந்தது.

இரண்டாவது காரணம் பாட்டின் பாஷை. மஜ்ரூஹ் உருதுக் கவிதையில் தேர்ந்த புலவர். அவர் விரும்பியிருந்தால் அகராதி இல்லாமல் புரியாத வார்த்தைகளைப் போட்டிருக்க முடியும். அவர் என்ன செய்தார்? பம்பாய்த் தெருவில் எந்த வார்த்தை புழங்கிற்றோ அதையே எடுத்தார். மில், மோட்டார், ரேஸ், பிஸினஸ் என்று கூலிக்காரன் வாயில் வருகிற வார்த்தைகளாகப் போட்டார். பம்பாய் எப்படிப்பட்ட ஊர்? மராத்தி, குஜராத்தி, கொங்கணி, தெலுங்கு, தமிழ், உருது எல்லாம் ஒரே தெருவில் கேட்கும். தாராவியின் தோல் பதனிடும் கிடங்குகளில் நம்முடைய திருநெல்வேலிப் பக்கத்து மக்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்தார்கள். இத்தனை பேருக்கும் பொதுவாக ஓர் உடைந்த இந்தி உண்டு. இலக்கணப் பண்டிதர் அதைக் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வார். ஆனால் அதுதான் அந்த நகரத்து உழைப்பாளிகளின் ஐக்கிய பாஷை. அந்தப் பாஷைக்குப் பக்கத்தில் போய் நின்றது இந்தப் பாட்டு.

மூன்றாவது காரணம் மெட்டு. இந்த மெட்டு நய்யாரின் சொந்தச் சரக்கு அல்ல. ‘கிளமன்டைன்’ என்ற பழைய அமெரிக்கப் பாட்டின் சாயல் அதில் அப்படியே இருக்கிறது. அந்த அமெரிக்கப் பாட்டு யாரைப் பற்றியது? 1849இல் தங்கம் தேடி கலிபோர்னியாவுக்கு ஓடிய சுரங்கக்காரன் ஒருவனையும், தண்ணீரில் விழுந்து இறந்துபோன அவன் மகளையும் பற்றியது. சோகக் கதையைக் கேலியாகப் பாடுகிற பாட்டு அது. பிழைப்புத் தேடி ஊரை விட்டுப் போனவனின் மெட்டு, கடல் தாண்டி வந்து, பிழைப்புத் தேடிப் பம்பாய் வந்தவனின் மெட்டாயிற்று. நடவு நடுகிற நம் தாய்மார்களுக்கு இது புதிதல்ல. ஒரு மெட்டு ஒரு வயலிலிருந்து இன்னொரு வயலுக்கு யாரையும் கேட்காமல் போகும். போன இடத்தில் அந்த இடத்துச் சொல்லை ஏற்றிக்கொள்ளும்.

மில் சங்கு ஊதிய ஊர்

தோழர்களே, பாட்டைப் புரிந்துகொள்ள ஊரையும் புரிந்துகொள்ள வேண்டும்.

பம்பாயில் முதல் பஞ்சாலைக் கம்பெனியை 1854இல் காவஸ்ஜி தாவர் என்ற பார்ஸி முதலாளி ஆரம்பித்தார். பின்னால் மில்கள் பெருகின. பரேல், லால்பாக், வொர்லி என்று நகரத்தின் நடுவயிற்றில் ஒரு பிரதேசமே மில்களால் நிரம்பிற்று. மராத்தியில் அதற்கு ‘கிரண்காவ்’ என்று பெயர். மில் கிராமம் என்று அர்த்தம். அங்கே வேலைக்கு வந்தவர்கள் யார்? ரத்னகிரியிலும் சதாராவிலும் மழை பொய்த்து, கடன் ஏறி, நிலம் போன விவசாயிகள். நேற்று வயலில் நின்றவன்தான் இன்று தறியில் நின்றான். ஓர் அறையில் பத்துப் பேர். ஒரு ஷிப்டு ஆள் எழுந்து போன பாயில் அடுத்த ஷிப்டு ஆள் படுப்பான். பெண்டாட்டி பிள்ளைகள் ஊரில். இதனால்தான் சொல்கிறேன், மில் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் இரண்டு ஜாதி அல்ல, ஒரே குடும்பத்தின் இரண்டு கைகள்.

இதே கிரண்காவில்தான் 1928இல் ஒன்றரை லட்சம் தொழிலாளர்கள் ஆறு மாதம் வேலைநிறுத்தம் செய்தார்கள். செங்கொடி கிர்ணி காம்கார் யூனியன் அந்தப் போராட்டத்தில் பிறந்தது.

அந்த மண்ணுக்கு அதற்குரிய பாட்டும் இருந்தது. அண்ணாபாவ் சாத்தே என்ற தோழர், தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட மாங் ஜாதியில் 1920இல் பிறந்தவர். சிறுவனாகக் குடும்பத்தோடு ஊரிலிருந்து பம்பாய்க்கு நடந்தே வந்தவர். மில்லில் வேலை செய்தவர். பள்ளிக்கூடத்தில் அவர் படித்தது அநேகமாக ஒன்றுமில்லை. அவரும் அமர் ஷேக்கும் கவாண்கரும் 1944இல் ‘லால் பாவ்டா கலாபதக்’ என்ற செங்கொடிக் கலைக்குழுவை அமைத்தார்கள். சாத்தே பம்பாயைப் பற்றி ஒரு லாவணி எழுதினார். மலபார் குன்றின் மாளிகையும் பரேலின் பொந்தும் அதில் எதிரும் புதிருமாக நின்றன. ஊரில் விட்டு வந்த மனைவியை நினைத்து ஏங்குகிற தொழிலாளியின் பாட்டையும் அவர் எழுதினார். 1956இல் பம்பாயைச் சேர்த்து மராத்தி மக்களுக்கு ஒரே மாநிலம் வேண்டும் என்று மகாராஷ்டிரம் கொதித்துக்கொண்டிருந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் அந்தப் போராட்டத்தில் உயிர் கொடுத்தார்கள். அமர் ஷேக்கின் குரலும் சாத்தேயின் பாட்டும் மைதானம் மைதானமாக முழங்கின. 1960 மே முதல் நாளில் மகாராஷ்டிரம் பிறந்தது.

ஒரு கேள்வி எழும். சாத்தேயின் பாட்டு நம்முடைய பாட்டு, வர்க்கத்தை நேருக்கு நேர் பெயர் சொல்லி அழைத்த பாட்டு. அது ஏன் முழு நகரத்தின் கீதமாகவில்லை? சினிமாப் பாட்டு ஏன் ஆயிற்று?

சாத்தேயின் பாட்டைப் பரப்ப மனிதனின் தொண்டையும் டப்புமே இருந்தன. சினிமாப் பாட்டுக்குக் கொட்டகையும் கிராமபோன் தட்டும் கொழும்பு ரேடியோவும் இருந்தன. ஒன்று மராத்தி மக்களின் நெஞ்சுக்குள் ஆழமாகப் போயிற்று, மற்றது எல்லா மொழிக்காரர்களிடமும் அகலமாகப் போயிற்று. ஆழமும் வேண்டும், அகலமும் வேண்டும். முதலாவது இல்லாவிட்டால் போராட்டம் இல்லை. இரண்டாவதை ஏளனம் செய்தால் நாம் ஜனங்களை விட்டு விலகி நிற்போம்.

குறையும் சொன்னான், உரிமையும் சொன்னான்

இப்போது ஆரம்பத்தில் நிறுத்திய இடத்துக்கு வருகிறேன். இந்தப் பாட்டு கீதமானதன் சூட்சுமம் என்ன?

நகரங்களைப் புகழ்ந்து எத்தனையோ பாட்டு எழுதியிருக்கிறார்கள். கடல் அழகு, மாளிகை அழகு, விளக்கு அழகு என்று எழுதியிருக்கிறார்கள். அவற்றை விருந்தாளி ரசிப்பான், உழைப்பாளி பாடமாட்டான். ஏன் என்றால் அதில் அவன் இல்லை. நகரங்களைத் திட்டியும் எழுதியிருக்கிறார்கள். பட்டணம் பாவம், கிராமம் புண்ணியம் என்று எழுதினார்கள். அதையும் அவன் பாடமாட்டான். கிராமத்துப் புண்ணியத்தின் லட்சணம் அவனுக்குத் தெரியும். அங்கே பண்ணையாரின் சாட்டையையும் பட்டினியையும் பார்த்துவிட்டுத்தானே ரயில் ஏறினான்?

இந்தப் பாட்டு இரண்டையும் ஒரே வாயால் சொல்லிற்று. இங்கே வாழ்வது கஷ்டம் என்றது. அது குறை. இந்த ஊர் என் உயிர் என்றது. அது உரிமை. மதில் கட்டியவன், தறி ஓட்டியவன், துறைமுகத்தில் மூட்டை இறக்கியவன், சாக்கடை அள்ளியவன், அவன்தான் இந்த ஊரைத் திட்டவும் முடியும், என்னுடையது என்று கொஞ்சவும் முடியும். தன் வீட்டைத்தானே மனிதன் திட்டுவான்? வாடகைக்கு விடுகிறவன் வீட்டைத் திட்டுவதில்லை, அதன் விலையைச் சொல்வான்.

ஒன்றை மறைக்கக்கூடாது. அந்தப் பாட்டின் கடைசியில் அந்தப் பெண் குறுக்கிட்டு, உலகத்தின் மேல் பழி போடாதே, இங்கே வாழ்வது சுலபம்தான் என்று மறுத்துப் பாடுகிறாள். இது சமரசம் அல்லவா என்று ஒரு தோழர் கேட்கலாம். இது புரட்சிப் பாட்டு என்று நான் சொல்லவே இல்லை. இது பணத்துக்காக எடுத்த படத்தின் பாட்டு. ஆனால் மறுத்துப் பேசுகிறவள் யார்? சேட்டு அல்ல, போலீஸ் அல்ல. அதே தெருவில் அதே பிழைப்புப் பிழைக்கிற பெண். ‘ஓடிப் போகாதே, இது நம்ம ஊர், நின்று பிழை’ என்று அவள் சொல்வதாகவே எனக்குக் கேட்கிறது.

முதலாளி பாட்டைத் திருடுகிற விதம்

இனி கதையின் கசப்பான பகுதி.

பாட்டில் டிராம் வருகிறதே, பம்பாயில் டிராம் 1964 மார்ச் 31ஆம் தேதியோடு நின்றுபோயிற்று. பாட்டில் மில் வருகிறதே, அதற்கு என்ன ஆயிற்று? 1982 ஜனவரி 18ஆம் தேதி சுமார் இரண்டரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர்கள் தத்தா சாமந்தின் தலைமையில் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஒரு வருஷத்துக்கும் மேலாக நின்றார்கள். பாத்திரத்தை விற்றார்கள், தாலியை விற்றார்கள். சர்க்கார் இறங்கி வரவில்லை. அந்த வேலைநிறுத்தம் முடிந்தது என்று யாரும் முறைப்படி அறிவிக்கவே இல்லை. லட்சத்துக்கு மேற்பட்டோர் வேலை இழந்தார்கள்.

மில் முதலாளிகள் நஷ்டம் என்று அழுதார்கள். ஆனால் அவர்கள் காலடியில் தங்கம் கிடந்தது. மில்கள் நின்ற நிலம் நகரத்தின் நடுவில் சுமார் 600 ஏக்கர்! 1991இல் ஒரு விதி போட்டார்கள். மில் நிலத்தை விற்றுக் கட்டடம் கட்டினால், மூன்றில் ஒரு பங்கு முதலாளிக்கு, ஒரு பங்கு ஊரின் பூங்காவுக்கும் மைதானத்துக்கும், ஒரு பங்கு மில் தொழிலாளர் உள்ளிட்டோரின் குடியிருப்புக்கு என்றார்கள். 2001இல் அந்த விதியைத் திருத்தினார்கள். கட்டடம் இல்லாத வெற்று நிலத்தில் மட்டுமே அந்தப் பங்கு என்றார்கள். மில்லில் வெற்று நிலம் எவ்வளவு இருக்கும்? நீங்கள் மில்லில் வேலை பார்க்கிறவர்கள், உங்களுக்கே தெரியும். ஷெட்டும் கோடவுனும் போக என்ன மிச்சம்? வழக்கு நடந்தது. 2006இல் சுப்ரீம் கோர்ட் அந்தத் திருத்தம் செல்லும் என்றது. பீனிக்ஸ் மில் இருந்த இடத்தில் வணிக மாளிகை எழுந்தது. புகைபோக்கி மட்டும் அழகுக்கு நிற்கிறது.

நகரத்தின் பெயரும் 1995இல் மும்பை ஆயிற்று. டிராம் போயிற்று, மில் போயிற்று, பெயர் போயிற்று. பாட்டு மட்டும் நின்றது. சொல்லப்போனால், முன்னைவிட அதிகமாக ஒலித்தது. 2008இல் ஒரு படத்துக்கு ‘மும்பை மேரி ஜான்’ என்று பெயர் வைத்தார்கள். 2006 ஜூலை 11ஆம் தேதி புறநகர் ரயில்களில் குண்டு வெடித்து 200 பேருக்குமேல் மாண்டார்களே, அதைப் பற்றிய படம் அது.

அந்தக் குண்டு வெடித்த மறுநாள் காலையில் லட்சக்கணக்கானோர் அதே ரயிலில் வேலைக்குப் போனார்கள். உடனே பத்திரிகைகளும் பெரிய மனிதர்களும் என்ன எழுதினார்கள்? “மும்பையின் தைரியம் பாரீர், மும்பையின் ஆன்மா பாரீர்” என்று புகழ்ந்தார்கள். 2005 ஜூலை 26இல் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டி ஊர் மூழ்கியபோதும் இதே புகழ்ச்சிதான். தைரியம் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் ஒருநாள் போகாவிட்டால் ஒருநாள் கூலி போகும் என்பதை அவர்கள் எழுதினார்களா? இல்லை.

இதுதான் திருட்டு, தோழர்களே! பாட்டை அவர்கள் தடை செய்யவில்லை. பாதியாக அறுத்தார்கள். “என் உயிரே” என்ற பாதியை எடுத்து மாளிகை விற்கிற விளம்பரத்துக்கு ஏற்றபடி ஆக்கிக்கொண்டார்கள். “இங்கே வாழ்வது கஷ்டம்” என்ற பாதியை மறைத்தார்கள். குறையை நீக்கிவிட்டுப் பாசத்தை மட்டும் பாடச் சொன்னால், அது கீதமல்ல, தாலாட்டு.

2020ஆம் ஆண்டு ஊரடங்கில் அந்த மறைத்த பாதி தானாக எழுந்து நின்றது. வேலையும் இல்லை, வாடகைக்கு வழியும் இல்லை. ஏப்ரல் 14ஆம் தேதி பாந்த்ரா ரயில் நிலையத்துக்கு வெளியே ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் திரண்டு, எங்களை ஊருக்கு அனுப்புங்கள் என்றார்கள். தடியடி கிடைத்தது. பிறகு தலையில் மூட்டையும் இடுப்பில் குழந்தையுமாக நெடுஞ்சாலையில் நடந்தார்கள். அண்ணாபாவ் சாத்தேயின் குடும்பம் பிழைக்க பம்பாய்க்கு நடந்து வந்தது. இவர்கள் பிழைக்க பம்பாயிலிருந்து நடந்து போனார்கள். எல்லாம் இருக்கிற ஊரில் இரக்கம் இல்லை என்று ஜேப்படிக்காரன் வேடிக்கையாகப் பாடியது, அன்று வேடிக்கையாக இல்லை.

தாராவியை இடித்துக் கட்டும் திட்டத்தின் டெண்டர் 2022இல் அதானி கம்பெனிக்குப் போயிற்று. யாருக்கு அங்கேயே வீடு, யார் ஊருக்கு வெளியே தள்ளப்படுவார்கள் என்பதுதான் அங்கே நம் தமிழ் மக்களும் சேர்ந்து கேட்கிற கேள்வி. ஊர் யாருடைய உயிர் என்ற கேள்வியும் அதுவேதான்.

நமக்கு என்ன பாடம்?

அந்த இளந்தோழருக்கு இப்போது பதில் சொல்கிறேன். மூன்று விஷயம்.

முதலாவது, மக்கள் பாடுகிற பாட்டை அலட்சியம் செய்யாதீர்கள். அதைக் கேஸ்கர் செய்து பார்த்தார், ஐந்து வருஷத்தில் தோற்றார். சினிமாவில் குப்பை உண்டு. ஆனால் சிறைக்குப் போய்வந்த கவிஞனும் அங்கே இருந்தான். குப்பையைக் குப்பை என்று சொல்வோம், மணியை மணி என்று எடுத்துக்கொள்வோம்.

இரண்டாவது, பாட்டு எழுதுகிற தோழர்கள் பேசுகிற பாஷையில் எழுத வேண்டும். சங்கத்தில் எத்தனையோ பேர் பாட்டு எழுதுகிறீர்கள். எல்லாப் பாட்டிலும் ‘வீறுகொண்டெழு’ என்றே இருந்தால் எப்படி? பதிலித் தொழிலாளி காலையில் கேட்டில் நின்று வேலை இல்லை என்று திரும்பும்போது என்ன நினைக்கிறான், அதை எழுதுங்கள். களத்துமேட்டில் படி அளக்கும்போது கைவிரல் எப்படி ஏமாற்றுகிறது, அதை எழுதுங்கள். சிரிப்பு வந்தால் சிரிக்க விடுங்கள். சிரிக்கிறவன் பயப்படமாட்டான்.

மூன்றாவதும் முக்கியமானதும் இதுதான். பாட்டை முழுசாகப் பாடுங்கள். பாதியை எவன் அறுத்தாலும் சேர்த்துப் பாடுங்கள். இந்த ஊரும் இந்த மில்லும் இந்த வயலும் நம்முடைய உயிர் என்று சொல்லும்போதே, இங்கே வாழ்வது கஷ்டமாக இருக்கிறது, யார் அதைக் கஷ்டமாக்கியது என்றும் கேளுங்கள். குறை சொல்கிறவனைப் பார்த்து, பிடிக்காவிட்டால் ஊரை விட்டுப் போ என்பான் முதலாளி. நாம் போகமாட்டோம். ஏன் என்றால் ஊர் நம்முடையது.

பம்பாயில் மில் சங்கு இப்போது ஊதுவதில்லை. உங்கள் மில்லில் ஊதுகிறது. இன்றிரவு ஷிப்டுக்குப் போகிறவர்கள் போகும்போது முணுமுணுத்துக்கொண்டே போங்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு உங்கள் சொந்தப் பாட்டோடு வாருங்கள். நான் கேட்க வருகிறேன்.